பெயர் எழுத வேண்டாம்

எர்தெனெத்தில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ப்ரொஜெக்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
உலான்பாத்தரிலிருந்து வந்த ‘பாதுகாப்பான இணையம்’,
நாற்பது ஸ்லைடும் சுவர் ஏறாமலே போயின.

பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டியில்
கத்தரியால் ஒரு வாய் வெட்டினேன்.
கேள்வி எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம்,
யாரென்று யோசிக்கக்கூட மாட்டேன் என்றேன்.
காலை எட்டு மணிக்குச் சத்தியம் செய்வது
எவ்வளவு சுலபம்.

முப்பத்து நான்கு சீட்டுகள்.

அழித்தால் அது எங்கே போகிறது?

பாஸ்வேர்டாக நாயின் பெயரை வைக்கலாமா?
நாய் செத்துவிட்டது.

ஒருவன். விளையாட்டில் பழக்கம். வயது பதினாறு என்கிறான்.
ஆனால் ‘போதும், போய்ப் படு, நாளைக்கு ஸ்கூல்’ என்று
அவன் வீட்டில் யாரும் திட்டி நான் கேட்டதேயில்லை.

அம்மா என்னைக் கேட்காமலே என் படங்களைப் போடுகிறார்,
பல் விழுந்த நாளிலிருந்து.
பெரியவர்களுக்கு இந்த வகுப்பு எப்போது?

வகுப்பு மேஜையைத் தட்டியது. நானும் தட்டினேன்.
போன வாரம்தான் என் மகனை
சோப்பு நுரையோடு, நூற்றுப்பன்னிரண்டு பேர் ரசிக்க...
அன்றிரவே நீக்கினேன்.
நீக்கியதும் முதல் சீட்டு
திரும்ப வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

பிறகு, ஊதா மையில்:
அனுஜினின் படத்தை நான் எடுக்கவில்லை.
அதன்மேல் எழுதியதும் நான் இல்லை.
அனுப்பினேன், அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

வாய்விட்டுப் படிக்கவில்லை.
பாஸ்வேர்டின் நீளம் பற்றி ஒரு கேள்வியை
அந்தக் கணமே புனைந்து படித்தேன்.
சீட்டு கோட்டுப் பைக்குள் போனது.

எழுத்தின் வாலைச் சுழித்து
அடுத்த வரிக்குள் நுழைக்கிற கை அது.
செப்டம்பரிலிருந்து திருத்துகிறேன் அந்த வாலை.
சத்தியம் விழித்துக்கொள்வதற்குள்
கண் படித்து முடித்துவிட்டது.
மூன்றாம் பெஞ்சுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.
திரும்பாததும் ஒரு சுட்டுவிரல்தான்
என்று உறைத்தபோது, மணி அடித்தது.

மதியம் அறை திறந்திருக்கும் என்றேன், பொதுவாக, கடிகாரத்திடம்.
ஃப்ளாஸ்கில் உப்புத் தேநீர் உண்டு.
யாரும் வரலாம். வராமலும் இருக்கலாம்.

வந்தது அனுஜின்.
கையுறையைக் கழற்றாமலே பேசினாள்:
“யார் அனுப்பினார்கள் என்று தெரிய வேண்டாம்.
பஸ்ஸில், படிக்கட்டில், கேன்டீன் வரிசையில்
ஒவ்வொரு முகமாய் ‘இவரா, இவரா’ என்று
கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.
அது நின்றால் போதும்.”

பைக்குள் என் விரல்கள்
அந்தக் காகிதத்தின் மடிப்பை மடித்துக்கொண்டிருந்தன.
அறிந்ததை என்ன செய்வது என்பதற்கு
நாற்பதில் ஒரு ஸ்லைடும் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்தது.
ஒரு கம்பளித் தொப்பி. மூடிக்கொண்டது.
காலடிகள் மட்டும் போகவில்லை.

அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்து வைத்தேன்.
அனுஜின் எண்ணினாள். மூன்று.
யாருக்கு என்று கேட்கவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றினாள்.