பதினொரு சுழிகள்

கீழ்வேளூர் தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தது.
சன்னாசி அண்ணன் வேனை அணைத்தார்.
அதுவரை என்ஜின் சத்தத்துக்குள் பதுங்கியிருந்த பேச்சு
எழுந்து உட்கார்ந்தது.

"பாதி ஆட்டத்துல ஆறு புள்ளி மேல இருந்தோம்டா"
என்றான் செபஸ்தியான்,
முழங்காலில் ஐஸ் கட்டிய துண்டு சொட்டச் சொட்ட.

மறுப்பதற்கு ஒன்றுமில்லை.
ஸ்கோர் நோட்டு என் மடியில் இருந்தது.
பத்தொன்பதுக்குப் பதின்மூன்று.
அடுத்த பக்கத்தைத்தான் திருப்ப முடியவில்லை.
எங்கள் வரிசையில் பதினொரு சுழி.

வெறுங்கையோடு திரும்பும் ரெய்டுக்குச் சிலர் கோடு கிழிப்பார்கள்.
நான் சுழி போடுவேன்.
ஆற்றில் ஆளை இழுப்பதற்கும் அதே பேர்தான்.
மேலேயிருந்து பார்த்தால்
தண்ணீர் சும்மா இருந்த இடத்திலேயே சுற்றுகிற மாதிரி இருக்கும்.

"கோட்டைத் தொடு. ஆளைத் தொடாதே. திரும்பி வா."
இடைவேளையில் மருதவாணன் சார் சொன்னது
இவ்வளவுதான்.
குளுக்கோஸ் வாயோடு எல்லோரும் தலையாட்டினோம்.
கபடிக்கே போகாத நானும் ஆட்டினேன்.

"சார் சொன்னதுல என்ன தப்பு?" என்றான் சாதிக் பாட்சா.
"இவன் உள்ள போயி மாட்டிட்டா அடுத்து யாரு, நீயா?
இருக்கிறத காப்பாத்துறது ஆட்டம் இல்லியா?"

"ரெண்டு தடவ சும்மா வந்தா
மூணாவது வாழ்வா சாவா ரெய்டு.
அது நாகப்பட்டினத்துக்காரனுக்குத் தெரியாதா?
சங்கிலி போட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறான்.
போகலாங்கிறப்ப போகாம
போயே ஆகணுங்கிறப்ப போறதுக்கு
வீரம்னா பேரு?"

"வீரத்த வச்சு நாக்கு வழிக்கலாம்."

"இருபத்தேழு, இருபத்தெட்டு. இப்ப நீ எத வச்சு வழிக்கிற?"

இளமுருகு ஜன்னலோரம்
வேர்க்கடலைத் தோலை வெளியே ஊதிக்கொண்டிருந்தான்.
பதினொன்றில் ஒன்பது அவனுடையது.
நெடுநேரம் கழித்து யாருக்கோ சொல்வதுபோல் சொன்னான்:
"பயமெல்லாம் இல்ல.
அஞ்சாவது தடவைக்கு அப்புறம்
கோட்டுக்கிட்ட போனதும் கால் தானாத் திரும்புது."

முன்சீட்டிலிருந்து சார் குரல், திரும்பாமலே:
"ஏழுக்குள்ள தோத்தா லீக்ல ஒரு புள்ளி உண்டு.
அது வந்துருச்சு. படுங்கடா."

துண்டிலிருந்து சொட்டுவது கேட்டது.
ஆறு மேலே இருந்தபோதே மனுஷன்
கீழே ஏழு எங்கே என்று பார்த்து வைத்திருக்கிறார்.
அவர் வேலையும் ஒப்பந்தம்தான்,
பதினொரு மாதத்துக்கு ஒருமுறை கோட்டைத் தொட்டுத் திரும்புவது.
இதை நான் சொல்லவில்லை.
சொன்னால் சாதிக் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

சன்னாசி அண்ணன் பீடியை மிதித்தார்.
"மேட்டூர் தொறக்கட்டும்னு நான் காத்திருந்தேன்,
கதிரு முங்கிப் போச்சு.
பக்கத்து வயக்காரன் புழுதியிலயே வெதச்சான்,
மொளச்சதெல்லாம் கருகிப் போச்சு.
ரெண்டு பேரும் ஒரே சொசைட்டி வாசல்லதான் நின்னோம்."
பிறகு,
"டீசலுக்குக் கையெழுத்து யார் போடுறது?"

நெல் ரேக் ஒன்று போனது.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
எல்லோரும் வேறு வேறு இடத்தில் விட்டோம்.

கேட் திறந்தது. சண்டை அடுத்த கியருக்கு மாறி
திருவாரூர் வரை ஓடியது.
எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிந்தது,
அல்லது இரண்டு பக்கத்துக்கும் நான் பயந்தேன்.

எட்டாவது சுழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த ரெய்டில் இளமுருகுவின் கால்விரல்
திரும்பும்போது
இடதுபக்கத்துப் பையனின் முட்டியில் பட்டது.
பையனின் தொடை சிலிர்த்ததைப் பார்த்தேன்.
நடுவர் விசிலை வாயில் வைத்தபடி வேறெங்கோ பார்த்தார்.
இளமுருகு கையைத் தூக்கவில்லை.
ஆளைத் தொடாதே என்றுதானே சொல்லி அனுப்பினார்கள்.

நான் மேசையிலிருந்து எழுந்திருக்கலாம்.
பேனா மூடியைத் திறந்து
அழுத்தி ஒரு வட்டம் போட்டேன்.

அடுத்த தாளிலும் அதன் தடம் விழுந்திருக்கிறது.
மன்னார்குடி வரும்வரை
கட்டை விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.