கதவோடு கதவு

சாத்தாங்காட்டில் கம்பங்கள் நிறைய.
எரிகிற கம்பத்தடியில் இடம்பிடிக்க
வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட வேண்டும்.
நான் வந்தது ஒன்பதேகால்.
மீஞ்சூர் ரயில்வே கேட்டைச் சொல்ல வேண்டும்,
சொல்லி என்ன.

இருட்டில் ஓர் ஆந்திரா ட்ரெய்லர்
பின்பக்கம் வெறிச்சோடி நின்றது.
ஓட்டுநர் இறங்கி வந்து
இரு உள்ளங்கைகளையும் ஒட்டிக் காட்டினார்.
புரிந்தது.

பின்னால் போய் என் பெட்டியைத் தட்டினார்.
வா, வா, இன்னும் வா,
ஒரு சாண் இருக்கையில் ஓங்கி ஒரே தட்டு.
என் கதவை அவர் கதவும்
அவர் கதவை என் கதவும்
அடைத்துக்கொண்டன.
நடுவில் பூனை நுழையலாம்.
கட்டர் வைத்திருப்பவன் நுழைய முடியாது.

பெஞ்சலய்யா. நாயுடுபேட்டை.
பாதித் தமிழ், பாதி இருமல்.
போன் நம்பர் கேட்கவில்லை.
சீல் நம்பர் சொல்லிக்கொண்டோம்.

என் பெட்டிக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது.
பில்லில் 'உதிரிபாகங்கள்' என்றிருக்கிறது.
எதன் உதிரி, யாருடைய பாகம்?
எழுபத்தேழு சைபர் முப்பத்தொன்று நான்கு.
மகள் பிறந்த தேதிக்குக்கூட
ஒரு நொடி யோசிப்பேன்.

போன ஆடியில் மாதவரத்தில்
தார்ப்பாயைக் கிழித்துப் பதினோரு மூட்டை போயின.
ஸ்டேஷனில் கேட்டார்கள்: தூங்கிட்டியா?
ஆபீஸில் கேட்டார்கள்: தூங்கிட்டியா?
போனில் அவளும், கோபமாக இல்லை, மெதுவாக:
தூங்கிட்டீங்களா?
எடுத்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.
எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அதற்குப் பிறகு
கண் சொக்கும்போதெல்லாம்
எதையோ திருடப் போகிறவன்போல
சுற்றுமுற்றும் பார்க்கிறேன்.

டீசல் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு.
பேட்டரிக்குச் சங்கிலி.
ஸ்டெப்னிக்கு இன்னொன்று, அதற்கு என் கைலி நாடாவும்.
கேபின் கதவின் கைப்பிடியில்
உள்பக்கமாக எவர்சில்வர் டம்ளர்.
யார் தொட்டாலும் விழும்.
காற்று தொட்டு இரண்டு முறை விழுந்தது.

மணலி ஆலையின் தீ
மேகத்தின் வயிற்றைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.
கொசுவுக்குச் சுருள் பற்றவில்லை,
வாடைக்கு எதுவும் பற்றவில்லை.

ஒரு மணிக்கு சைக்கிளில் டீ வந்தது.
பையனுக்குப் பதினாறு இருக்கும்.
டீ ஊற்றுகிறானா, வண்டிகளை எண்ணுகிறானா?
டார்ச்சை ஏன் பூட்டு மேல் அடிக்கிறான்?
வேண்டாம் என்றேன். திரும்பவும் கேட்டான்.
வேண்டாம்னு சொல்றேன்ல!
பெஞ்சலய்யா இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.
அவர் மயங்கி விழுகிறாரா என்று
கண்ணாடியில் அரைமணி நேரம் பார்த்திருந்தேன்.
பீடி பற்றவைத்தார். இருமினார்.

மூன்று நாற்பதுக்கு
டம்ளர் விழுந்தது.
காற்றில்லை. கதவில் தட்டல்,
பின்னால் வரும் வண்டிக்குத் தட்டுகிற அதே தட்டு.

"லைன் நகருது தம்பி. ஜீரோ கேட்டு. நான் போவாலி."

போயிருக்கலாம்.
சாவியைத் திருப்பி, ஒரு ஹாரன் அடித்துவிட்டு.
நான் கண்விழிக்கும்போது
என் கதவு தெருவைப் பார்த்திருக்கும்.

"மொதல்ல நீ செவுரு பக்கம் ஒட்டிக்கோ."

அந்த நேரத்தில், லுங்கியோடு,
என் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் நின்று
வா, வா, இன்னும் வா.
அவரை முந்திக்கொண்டு
நான்கு ட்ரெய்லர்கள் சாலையில் ஏறின.
நான் எண்ணினேன். அவரும் எண்ணியிருப்பார்.
சுவருக்கு ஒரு சாண். ஓங்கி ஒரே தட்டு.

அவர் வண்டி எண்ணூர் சாலையில் திரும்பும்வரை
இருமல் கேட்டமாதிரி இருந்தது, எஞ்சினாகவும் இருக்கலாம்.

சுவர் பத்திரம்தான்.
தூக்கம் மட்டும் வரவில்லை.

ஐந்து மணிக்குப் பையன் மறுபடியும் வந்தான்.
என்னைத் தாண்டிப் போகப் பார்த்தான்.
கூப்பிட்டேன்.
கைப்பிடியிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினேன்.
நசுங்கிய விளிம்பைப் பார்த்து
"என்னண்ணா இது" என்றான்.
காலிங் பெல் என்றேன்.
சிரிக்கவில்லை. நிறைய ஊற்றினான்.

பாதி குடித்தேன்.