மறுபடி படி

ஆவாரம்பாளையம்.
கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறை,
மேலே நாங்கள் மூன்று பேர்.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சிப்புக்குக்
கம்பைலர் எழுதுகிறோம்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட், அவ்வளவுதான் அதன் வீடு.
எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை
அழைப்போர் பெயர்களோடு அதில் ஏற்றினால்
முகூர்த்த நேரத்துக்கு இடமிருக்காது.

அதற்குள்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் குடியிருக்க வேண்டும்.
மூணு பேஸும் வந்ததா பார்,
ஒரு நிமிடம் பொறு, மோட்டாரைப் போடு,
போரில் தண்ணீர் தீர்ந்தால் நிறுத்து.

சித்திரையில் நான் ஒரு வேலை செய்தேன்.
ஒரே முகவரியை இரண்டு தரம் படிக்கும் இடங்களைத்
தேடிப் பிடித்து
இரண்டாவதை வெட்டினேன்.
இப்போதுதானே படித்தாய்,
நடுவில் யாரும் எழுதவில்லையே,
அதற்குள் என்ன மாறியிருக்கப் போகிறது?
இருபத்தாறு பைட் மிச்சம்.
ஷமீமா எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தாள்.

வைகாசியில் நாச்சிமுத்து கூப்பிட்டார்,
பேனல் போர்டு செய்கிறவர்.
"ஏனுங், குண்டடத்துல ஒரு போரு.
தண்ணி நின்னும் மோட்டார் நிக்கலீங்.
விடிய விடிய வெறுங்குழாயச் சுத்தியிருக்குதுங்."
சென்சார் கோளாறாக இருக்கும் என்றேன்.
"இருக்குமுங்" என்றார்.

மறுநாள் மத்தியானம்
படியேறி வந்தது கருகிய பாலி ஒயரின் நாற்றம்.
எட்டிப் பார்த்தேன். டெம்போவில்
உரச் சாக்கு சுற்றிய நெட்டை மோட்டார்,
மேலே சாக்பீஸில்:
குண்டடம், பழனாத்தா, ஏழரை எச்பி.

ஜன்னலைச் சாத்திவிட்டு
கம்பைலர் கக்கிய அசெம்பிளியை
விரல் வைத்துப் படித்தேன்.
சென்சாரைப் படி.
பூஜ்யமா? இல்லை.
மேலே தாவு.
தாவி இறங்கிய இடம் படிக்கும் வரி அல்ல,
அதற்கு அடுத்த வரி.
முதல் நொடியில் பார்த்த தண்ணீரையே
ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நடுவில் யாரும் எழுதவில்லை, வாஸ்தவம்.
தொள்ளாயிரத்து இருபதடியில்
தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது.

நாச்சிமுத்துவின் பையன் அந்தப் பெயரின் முன்னால்
வொலட்டைல் என்று எழுதித்தான் வைத்திருந்தான்.
இது சொல்லாமல் மாறும், நம்பாதே, போய்ப் பார் என்று
அந்த ஒற்றைச் சொல்லில் கெஞ்சியிருக்கிறான்.
நான் எழுதிய கட்டம்
அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு
உள்ளே வந்திருக்கிறது.

திருத்தம் ஒரு வரி.
திருத்தியதும் பதினான்கு பைட் வெளியே துருத்தியது,
சிப்பு ஏற்க மறுத்தது.
ஒரு பெருக்கலை நகர்த்தலாக்கி நான்கு.
யாரும் அழைக்காத வகுத்தலில் எட்டு.
கடைசி இரண்டுக்கு ராத்திரி பதினொன்று.
நினைவகத்தைப் பூஜ்யமாக்கும் இடத்தில்
ஷமீமா ஒரு தாவலை ஒடித்தாள்.
பன் வாங்கக் கடை இல்லை.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன்,
சென்சார் இல்லைங்க, நான்தான்.
அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அதை அணைத்தார்கள்.
"செரிங். மீதி நாப்பது போர்டுங்?"

நாற்பது.
பொங்கலூர், வெள்ளகோவில், மூலனூர்,
பேர் தெரியாத பிரிவுகள்.
இணையமில்லாத பெட்டிகள்,
ஒவ்வொன்றாகத் திறந்து கையால் ஏற்ற வேண்டும்.

குண்டடத்தில்தான் தொடங்கினோம்.
மூணு பேஸ் வந்தது ராத்திரி ஒன்றரைக்கு.
காற்றாலைகள் இருட்டில் இருந்தன, சத்தம் மட்டும்.
சென்சார் ஒயரை வாளித் தண்ணீரில் விட்டேன்,
வெளியே எடுத்தேன்,
ஒன்று, இரண்டு, எட்டு வரை எண்ணினேன்.
டக்.
காண்டாக்டர் விழுந்தது.
ஷமீமா நோட்டில் டிக் போட்டு மூடினாள்.

வெங்காயப் பட்டறையின் பக்கம் நின்றிருந்த பழனாத்தா
டார்ச்சை அணைக்கவில்லை.
"இன்னொருக்காப் பாருங்" என்றார்.

வாளியை நிமிர்த்தி வைத்தேன்.