ஃபெர்ரி உண்டா

மூன்றாவது முறையாக விளம்பரத்தை மாற்றி எழுதினேன்.
முதலில் சம்பளம் சிறிய எழுத்தில் இருந்தது,
பெரிதாக்கினேன்.
பிறகு இருபதாயிரம் கியாட் கூட்டி
சிவப்பில் அடித்தேன்.
லைங்தாயாவில் எங்கள் கேட்டுக்கு வெளியே
மழை அந்தச் சிவப்பை ஒழுகவிட்டது.

வந்த ஒன்றிரண்டு பேரும்
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.
ஃபெர்ரி உண்டா?

ஃபெர்ரி என்றால் ரங்கூனில் படகு மட்டும் இல்லை.
கம்பெனி விடும் வண்டியும்தான்.
ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்துக் கப்பலேற்றிய பஸ்,
கதவு நடுரோட்டுப் பக்கம் திறக்கும்,
பக்கவாட்டில் ஏதோ ஊர் மழலையர் பள்ளியின் பெயர்
இன்னும் அழியாமல் இருக்கும்.
அதற்காகத்தான் அடுத்த ஆலைக்குப் போகிறார்கள்,
எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

மாடியில் முதலாளி கணக்குப் போட்டார்.
"டீசல். டிரைவர். டயர்.
அதைக் காசாகவே கொடுத்துவிட்டால் என்ன?
காசு வேண்டாம் என்கிற ஆள் உண்டா?"
உண்டு என்று சொல்ல
அப்போது என்னிடம் சாட்சி இல்லை.

செண்பகவல்லி வந்தது ஒரு வியாழக்கிழமை.
விண்ணப்பத்தில் டோ தின் தின் ஏ.
"எது உங்கள் ரிஜிஸ்டரில் அடங்குமோ
அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.
பேட்டர்ன் வெட்டுவதில் பதினோரு வருஷம்.
மேசையில் கிடந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து
"அக்குளில் கால் அங்குலம் குறைகிறது.
திரும்பி வந்த சரக்கா?"
திரும்பி வந்த சரக்குதான்.
நாலாயிரம் உருப்படி.

சம்பளம் சொன்னேன், தலையாட்டினாள்.
திஞ்ஞான் போனஸ் சொன்னேன்.
மதியச் சாப்பாடு, ஒரு முட்டையோடு என்றேன்.
முட்டையைச் சொன்னபோது
எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
பிறகு அவள் கேட்டாள், தமிழிலேயே.

இல்லை என்றேன்.
வண்டிக்காசு தருவோம் என்றேன்.

"காசைப் பிடித்துக்கொண்டு எதில் ஏறுவது?
ஏழு மணிக்கு ஆலை விடும். கரன்ட் இருக்காது.
லைன் பஸ் வந்தால் உண்டு.
அந்தக் காசை ஹேண்ட்பேக்கோடு
இருட்டில் யாருக்கோ கொடுத்துவிட்டு
நடந்து வந்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர்."

என் பேனாவை வாங்கி
விண்ணப்பத்தின் முதுகில் கோடு போட்டாள்.
துணி வெட்டுகிறவளின் கோடு,
அடித்தல் திருத்தல் இல்லை.
ஆலையில் தொடங்கி, பாலம் தாண்டி,
இன்செய்ன் சந்தை, கோயில் முக்கு,
மொகிங்கா கடை, தண்ணீர்த் தொட்டி.
ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை பெண்கள் என்று எண்.
கூட்டிப் பார்த்தேன், முப்பத்தெட்டு.
எல்லாரும் தையல் தெரிந்தவர்கள்,
எல்லாரும் வேறு கேட்டுக்குள் போகிறவர்கள்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று.

மாடிக்குக் கொண்டுபோனேன்,
நாலாயிரம் ஜாக்கெட்டின் நஷ்டக் கணக்கையும் சேர்த்து.
முதலாளி வெகுநேரம் பார்த்தார்.
விளக்கு போனது, வந்தது, மறுபடி போனது.

பஸ் வந்து சேர எட்டு வாரம்.
சம்பளத்தைப் பழையபடி சிறிய எழுத்தாக்கி
ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக அடித்தேன்.
மூன்றாம் நாள் நாற்காலி போதவில்லை.

இப்போது சில காலைகளில் நானும் அதில் வருகிறேன்.
டிரைவர் கோ சோ மின்
அந்தக் காகிதத்தின் நகலைக் கண்ணாடிக்கு மேலே
செருகி வைத்திருக்கிறார்.
தண்ணீர்த் தொட்டிதான் முதல் நிறுத்தம்.
அங்கே குடையும் டிபன் கேரியருமாக
அவள் நிற்கிறாள், வேறு கம்பெனி வண்டிக்கு.
எட்டு வாரம் பொறுத்திருக்கும் அடுப்பு
யார் வீட்டில் இருக்கிறது?

நடுரோட்டுப் பக்கம் கதவு திறந்து
யார் யாரோ ஏறுகிறார்கள்.
இந்தப் பக்கத்து ஜன்னலைத் தள்ளினேன்.
"கால் அங்குலத்தைச் சரிபண்ணிவிட்டீர்களா?" என்றாள்.
நான் வாய் திறப்பதற்குள்
பின்னால் அவளுடைய ஃபெர்ரி
ஹாரன் அடித்தது.