கொருக்குப்பேட்டை கேட்

கேட்டை மூடிவிட்டான்.
முன்னால் மீன்பாடி வண்டி, பின்னால் தண்ணி லாரி,
நடுவில் என் ஸ்கூட்டி.

விரல் நுனியில் எறும்பு ஏறுகிறது.
உதடு மரத்து, வேறு யாருடையதோ போல.
நாய் துரத்தும் பிள்ளையாய் மூச்சு
தொண்டைக்கும் நெஞ்சுக்குமாக
ஓடி ஓடித் திரும்புகிறது.

செத்துவிடுவேன் என்று
போன மாதமும் நிச்சயமாகத்தான் இருந்தேன்.
ஸ்டான்லியில் ஈசிஜி எடுத்தார்கள்.
அந்தத் தாள் இன்னும் சீட்டுக்கு அடியில்
இன்சூரன்ஸோடு மடிந்து கிடக்கிறது.
"காத்து பத்தாம இல்லம்மா,
நீ மொண்டு மொண்டு குடிச்சிட்ட.
உள்ள இழுக்காத, வெளிய விடறத நீட்டு"
என்றாள் நைட் டூட்டி எஸ்தர்ராணி,
வேறொருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டே.

சரக்கு ரயில் வருகிறது.
மணலி டேங்கர்கள், கறுத்து, வயிறு வீங்கி,
அவசரமே இல்லாமல்.

இரண்டு டேங்கர் போகும்வரை உள்ளே.
நான்கு டேங்கர் போகும்வரை வெளியே,
சூடான டீயை ஊதுவது போல.
ஏழாவதில் எண்ணிக்கை தவறியது.
பரவாயில்லை, ரயில் நீளம்.
திரும்ப ஒன்றிலிருந்து.

மீன் கவிச்சியும் கேஸ் வாடையும்
தனித்தனியாக மூக்கில் ஏறுகின்றன.
இதற்குப் போய்
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை நான்.

கடைசிப் பெட்டி போயிற்று.
கேட் எழும்ப, எல்லா ஹார்னும் ஒரே வாயில்.
"யக்கா, வண்டிய எடு!"

முட்டி இன்னும் ஆடுகிறது.
கையைக் காட்டினேன், சுத்திப் போ.
தண்டவாளம் காலி.
எனக்கு மட்டும்
நாலு டேங்கர் பாக்கி.