எண்ணூற்றுப் பதினாறு

புன்டா அரேனாஸில்
காற்று வெறிபிடிக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.
பிடிக்காதவரை அடுத்த தெருவில் பொறுக்கி எடுக்கலாம்
என்பது எங்கள் ஊர்க் கேலி.

கேலியில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

மக்தலேனா தீவின் பறவைகளைப் பற்றிப் பேச
வகுப்பில் எழுந்தாள் டானிட்ஸா.
பெ, என்றாள்.
பெ, பெ,
கண்ணை இறுக மூடி, மேசை விளிம்பைப் பற்றி,
பெ, பெ, பெங்குவின்.
ஒன்பது விநாடி.
நெல்சனின் மடியில் போன் விழித்திருந்தது.

இரவு எட்டு மணிக்குள்
அந்த ஒன்பது விநாடிக்குத் தாளம் போட்டுவிட்டார்கள்.
அவள் மூக்கில் ஓர் அலகு வரைந்துவிட்டார்கள்.
பெங்குவின் வந்து சேரவே இல்லை.
பெ மட்டும் சுற்றியது,
கண் கட்டிய செக்குமாடாக.

நான் ஒரு சொல்லும் எழுதவில்லை.
இதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்,
தலைமையாசிரியரிடம்,
எனக்கே எத்தனையோ முறை.
சிரிக்கும் முகம் ஒன்றை அழுத்தினேன், அவ்வளவுதான்.
பல் துலக்கிக்கொண்டே.

அதன்பிறகு ரொட்டிக் கடையில்
அவள் விரலால்தான் கேட்டாள்.
நான்கு வேண்டுமென்றால் நான்கு விரல்.
வருகைப் பதிவின்போது கை மட்டும் உயர்ந்தது.
பிறகு கையும் இல்லை, நாற்காலி மட்டும்.

நண்டு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அவள் அம்மா
காற்று புகுந்த காதுவலி என்று நினைத்து
வெங்காயம் சுட்டுக் கட்டியிருக்கிறாள்.
உருளைக்கிழங்குக் கூடைக்கு அடியில்
போன் கிடைத்த அன்றுதான் விளங்கியதாம்:
மகள் அதைப் புதைத்திருக்கிறாள்.
இரவுதோறும் தோண்டி எடுத்தும் இருக்கிறாள்.

அக்டோபரில் ஒரு மாலை
ஒரே கயிற்றில் நானும் அவளும், எதிரெதிராக.
ஒருவர் கையை விட்டால்தான்
மற்றவர் நகர முடியும்.

"நீ எண்ணூற்றுப் ப, பதினாறு" என்றாள்.
"உனக்கு முன்னால் மிர்கோ.
பின்னால் உன் அக்கா."

எங்கள் எல்லோரையும்
வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்திருந்தாள்,
பெயர் பெயராக, தூங்காமல்.

மன்னிப்பு என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே
என் உதடுகள் ஒட்டிக்கொண்டன.
ம,
ம,
அவள் காத்திருந்தாள்.
முகம் திருப்பவில்லை, சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.
நாங்கள் யாரும் அவளுக்குத் தராத நேரத்தை
எனக்குத் தந்துகொண்டு நின்றாள்.
கயிறு எங்கள் கைகளில் விண்விண்ணென்று துடித்தது.

சொல்லி முடித்தேனா என்று நினைவில்லை.
கயிற்றை விட்டு
என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்,
அந்தக் காற்றில், இரண்டு எட்டு, எதையும் பிடிக்காமல்.

அன்றிரவு என் சிரிப்பைத் திரும்ப எடுத்தேன்.
ஆயிரத்து முன்னூற்று நான்கு
மூன்றானது.
வேறு எதுவும் மாறவில்லை.

அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன்.
போனை எடு, என்றேன்.

எதுக்கு, என்றாள்
திரையிலிருந்து தலை நிமிராமல்.