ஆடும்போதே

ஊத்தான் மெலிந்தாங் கிளினிக்குக்கு
மாதம் ஒரு புதன் ஈப்போவிலிருந்து வருகிறார்
டாக்டர் இயோ சின் லிங்.
என் எண் நாற்பத்தொன்று.

எப்படி வருகிறது என்று மலாயில் கேட்டார்.
மலாயில் எனக்கு வேகம் என்றுதான் சொல்ல வரும்.
வேகம் இல்லை அது.
திக்கென்று ஒன்று, பிறகு எதுவுமே இல்லை,
பிறகு கோணிக்குள் போட்ட கோழி.
தமிழிலேயே சொல்லுங்கள் என்றார்.
சொல்லச் சொல்ல ரூமியில் எழுதிக்கொண்டார்:
திக். பக். படபட.
பேனாவை மூடிவிட்டு மேசையைக் காட்டினார்.
தட்டிக் காட்டுங்கள்.

இருபத்திரண்டு வருடமாய்
மில் வாசலில் லாரிக்கு எடை போடுகிறவள் நான்.
செம்பனைக் குலையோடு ஏறி நிற்கும்.
எண் ஆடி அடங்கும்வரை
பொத்தானைத் தொடக்கூடாது.
ஹாரன் அடிப்பார்கள், அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள்.
தொடமாட்டேன்.

இரண்டு விரலால் தட்டினேன்.
டக், டக், டக்,
கை அந்தரத்தில் நின்றது,
டக்டக்டக் டக் டக்டக்டக்டக்
எந்தத் தாளத்திலும் சேராமல்.
கண்ணை மூடிக் கேட்டார்.
வெளியே நாற்பத்திரண்டு இருமினார்.
இன்னொரு முறை, என்றார்.

போன மாதம் மாட்டிய கருவி
ஒரு நாள் முழுக்க என்னோடு படுத்து எழுந்தது.
ஒன்றும் இல்லை என்றது தாள்.
இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான்
என்றார் அப்போது இருந்தவர்.
இவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.
அன்றைக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.
இந்த முறை பதினான்கு நாள்.

சின்ன வில்லை.
உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி
நெஞ்சில் அவரே ஒட்டினார்.

போனஸ் வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.
இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும்
போனில் நானே சொல்வேன் என்றார்.
தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி
இதுவரை நான் கேட்டதில்லை.
பஸ்ஸில் அதையே
நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள் ராத்திரி மூன்றேகாலுக்கு வந்தது.
சவரிநாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை.
கை தானாக எண் அடங்கட்டும் என்று காத்திருந்தது,
பழக்கதோஷம்.
பிறகுதான் ஞாபகம் வந்தது:
நின்ற பிறகு வேண்டாம்,
ஆடும்போதே அழுத்துங்கள்.

அழுத்தினேன்.